ஆடலை ஏற்றோம், ஆசானை ஏற்றோமா?

ஒரு கலையைப் போற்றுதல் எளிது. அக்கலையை வறுமையோடும் வசையோடும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்த மக்களைப் போற்றுதல் அரிது. முன்னதற்குக் கைத்தட்டல் போதும். பின்னதற்கு நெஞ்சில் நீதி வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவது கலை உலகின் பழம்பிணி. அப்பிணியின் தன்மையை அறிய விரும்புவார்க்குப் பரதநாட்டியத்தின் அண்மை வரலாறு தெளிவான சான்றாக நிற்கிறது.

பரதநாட்டியம் இன்று தமிழர் பெருமையோடு பேசும் கலைகளுள் ஒன்று. சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பெற்றோர் தம் பெண்மக்களை ஆர்வத்தோடு ஆடற்பள்ளிக்கு அனுப்புகின்றனர். அரங்கேற்றம் குடும்பப் பெருவிழாவாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால், நூறாண்டுகளுக்கு முன் இதே ஆடல் சதிர் என்றும் சின்னமேளம் என்றும் வழங்கிற்று. அதனை ஆடியோர் கோயிலையும் அரசவையையும் சார்ந்து வாழ்ந்த சில குடும்பத்து மகளிர். ஆட்டுவித்தோர் அக்குடும்பங்களைச் சேர்ந்த நட்டுவனார். இருபதாம் நூற்றாண்டில் இசை வேளாளர் என்று பெயர் கொண்ட மக்கள் இவர்களே. அவர்களைக் கண்டு முகஞ்சுளித்த சமுதாயமே இன்று அவர்தம் ஆடலைத் தலைமேல் வைத்துப் போற்றுகிறது. ஆடல் மேடை ஏறிற்று. ஆடியவர் எங்கே சென்றனர்? இவ்வினாவை எழுப்பி விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று அளவுகோல்கள்

திறனாய்வு செய்யப் புகுவார்க்கு அளவுகோல் வேண்டும். அதனை வெளியில் தேட வேண்டுவதில்லை. நம் பழஞ்செல்வங்களுள் இரண்டு அதனைத் தருகின்றன.

ஒன்று சிலப்பதிகாரம். அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலைக் காட்டப் புகுந்த இளங்கோவடிகள், அவளை உடனே மேடை ஏற்றிவிடவில்லை. ஆடலாசான், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் ஆகியோர் எத்தகையராய் இருத்தல் வேண்டும் என்பதை ஒவ்வொன்றாக விரித்துரைக்கிறார். அரங்கின் அளவும் விளக்கின் நிலையும் கூறுகிறார். அதன் பின்னரே மாதவி அரங்கில் தோன்றுகிறாள். ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறிய அவளுக்குத் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் கிடைக்கின்றன. ஆடலின் வெற்றி ஆடுபவள் ஒருத்தியின் வெற்றி அன்று. அவளுக்குப் பின்னால் நிற்கும் ஆசான்மாரின் வெற்றியும் ஆகும் என்பதை அடிகள் உணர்ந்திருந்தார். தகுதியை ஏற்று மதித்தல் என்பது இதுவே. ஆயினும், காப்பியம் அவ்வாசான்மாரின் இயற்பெயர்களைச் சொல்லவில்லை.

காப்பியம் சொல்லாததைக் கல் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டு, ஏறத்தாழ 1014ஆம் ஆண்டினது, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குறிக்கிறது. இன்ன தெருவில், இன்ன சிறகில், இத்தனையாம் வீட்டில் இருப்பவள், இன்ன ஊர்க் கோயிலிலிருந்து வந்த இன்ன பெயருடையாள் என்று ஒவ்வொருத்தியையும் தனித்தனியே சுட்டுகிறது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு; பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்தோர்க்கும் பாடினோர்க்கும் கொட்டினோர்க்கும் பங்குகள் வகுக்கப்பட்டுள்ளன.

அக்காலத்தைப் பொற்காலம் என்று கூறிவிடலாகாது. அப்பெண்டிர் அரசன் ஆணையால் பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொணரப்பட்டவர். அவர்தம் விருப்பத்தைக் கேட்டனரா என்பது பற்றிக் கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை. எனினும் நமக்கு அளவுகோல் கிடைத்துவிட்டது. கலைஞரை ஏற்றோம் என்று சொல்லிக்கொள்ளும் எந்தச் சமுதாயமும் மூன்றைத் தந்திருத்தல் வேண்டும். ஒன்று, அவர்தம் தகுதிக்கு மதிப்பு. மற்றொன்று, அவர் பெயர் அழியாத பதிவு. பிறிதொன்று, அவர் வாழ்வதற்கான ஊதியம். இம்மூன்றில் ஒன்று குறையினும் அப்போற்றுதல் குறையுடையதே.

சட்டம் செய்ததும் செய்யாததும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர் வாழ்ந்தனர். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய கச்சேரி முறையை ஒழுங்குபடுத்தியோர் தஞ்சை நால்வர் எனப்படும் இவர்களே. 1855இல் தஞ்சை அரசு கும்பெனியார் கைக்குச் சென்றது. அரசவை மறைந்தது, ஆதரவும் மறைந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் சதிருக்கு எதிரான இயக்கம் சென்னையில் வலுப்பெற்றது.

அவ்வியக்கத்தின் அடிப்படையில் நியாயம் இருந்தது என்பதை மறுத்தல் கூடாது. சிறுமியர்க்குப் பொட்டுக்கட்டி, அவர்தம் வாழ்வைப் பிறர் விருப்பத்திற்கு விட்டுவிடும் வழக்கம் கொடியது. அதனை எதிர்த்தவர்களுள் முன்னின்றோர் அம்மக்களிடையே தோன்றியவர்களே என்பது நினைவில் நிற்கவேண்டிய செய்தி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அன்னையார் அச்சமுதாயத்தைச் சேர்ந்தவர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அவ்வாழ்வின் துன்பத்தை நேரில் கண்டவர். 1936இல் வெளிவந்த தம் நாவலில் அதனை ஈவிரக்கமின்றிப் படம்பிடித்துக் காட்டினார். கோயில் ஊழியத்தோடு பிணைக்கப்பட்டிருந்த மானிய நிலங்களை அக்கட்டிலிருந்து விடுவிக்க 1929இல் வழி பிறந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. இவை பெண்ணின் மானத்தைக் காத்த செயல்கள். இவற்றைக் குறைகூறிக் கலையைத் தூக்கிப் பிடிப்பது நேர்மையாகாது.

ஆனால், சட்டம் ஒரு கதவை அடைத்தது. வேறொரு கதவைத் திறக்கவில்லை. கோயில் வளாகத்திலும் திருவீதி உலாவிலும் மகளிர் ஆடுவதையும் அச்சட்டம் விலக்கிற்று. இருபதாண்டு, முப்பதாண்டு பயின்று, நூற்றுக்கணக்கான பதங்களை நெஞ்சில் சேர்த்து வைத்திருந்த பெண்களுக்கு ஆசிரியப் பணியோ உதவித்தொகையோ அச்சட்டம் வகுக்கவில்லை. தீய வழக்கத்தினின்று அவர்களை விடுவித்தவர்கள், அவர்கள் கற்ற நற்கலையைக் கொண்டு அவர்கள் வாழ வழி செய்திருத்தல் வேண்டும். விடுதலை ஒரு பாதி. வாழ்வு மறு பாதி. மறு பாதி மறக்கப்பட்டது.

மீட்சி யாருக்கு?

இதே காலத்தில்தான் ஆடற்கலையின் மறுமலர்ச்சி நிகழ்ந்தது. வழக்கறிஞர் இ. கிருஷ்ணையர் சதிரைத் தாமே பயின்று, அது இழிந்ததன்று என்று வாதிட்டார். 1928இல் தோன்றிய சென்னைச் சங்கீத வித்வத் சபை, 1931இல் திருவாளப்புத்தூர்க் கல்யாணி அம்மாளின் மகளிர் இருவரை மேடை ஏற்றியது. 1932இன் இறுதியில் அச்சபையின் மாநாட்டில் பரதநாட்டியம் என்னும் பெயர் ஏற்கப்பட்டது. 1935இல் அடையாற்றில் ருக்மிணி தேவி ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரம் பிறந்தது. உயர்குலப் பெண் ஒருவர் சதங்கை கட்டியதால் வசை நீங்கிற்று. பல்லாயிரவர் ஆடற்கலை பயில வழி பிறந்தது. இவ்வருந்தொண்டை நன்றியோடு நினைத்தல் நம் கடன்.

நன்றி வேறு, ஆய்வு வேறு. முன் கூறிய மூன்று அளவுகோல்களையும் இம்மறுமலர்ச்சியின் மீது வைத்துப் பார்ப்போம்.

முதலாவது மதிப்பு. புதிய மேடை ஆடலை மதித்தது. ஆடியவர் வாழ்ந்த சுவையை ஐயுற்றது. சதிரின் உயிர் பதம். பதத்தின் உயிர் சிருங்காரம். தலைவன் பிரிவில் தலைவி உருகுவதும், ஊடுவதும், தோழியிடம் கூறுவதும் அகத்திணை கற்ற தமிழர்க்குப் புதியன அல்ல. ஆயினும் அவற்றுள் பல தூய்மையற்றவை என ஒதுக்கப்பட்டன. பக்தி ஒன்றே தகுதியுடையது என்னும் கருத்துப் பரப்பப்பட்டது. ஆடலைத் தூய்மை செய்தோம் என்று கூறும்போது, முன்பு ஆடியவரிடம் அழுக்கு இருந்தது என்னும் தீர்ப்பும் உடன் எழுகிறது. இது பாராட்டின் உள்ளே மறைந்திருக்கும் பழிச்சொல்.

இரண்டாவது பெயர். சதிர் பரதநாட்டியமாயிற்று. புதுப்பெயர் ஆடலை வடமொழி நூலோடும் முனிவரோடும் இணைத்தது. தஞ்சை வீதிகளோடும் பந்தநல்லூர்த் திண்ணைகளோடும் இருந்த தொடர்பைப் பின்தள்ளிற்று. முற்காலத்தில் ஆடுமகளின் பின்னே நட்டுவனாரும் பாடுவோரும் முழவு கொட்டுவோரும் நின்று, அவள் அசையத் தாமும் அசைவர். புதிய மேடையில் அவர்கள் பக்கத்தில் அமர்த்தப்பட்டனர். அரங்கின் அழகுக்கு அது நன்று. அதனைக் குறையென்று கூறவில்லை. ஆனால் காலப்போக்கில் அவ்விருக்கையும் கைமாறியது. ருக்மிணி தேவிக்கு ஆசானாக இருந்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் மருகர் சொக்கலிங்கம் பிள்ளை கலாக்ஷேத்திரத்தில் பணிபுரிந்து, 1940களில் விலகினார். அதன்பின் அங்குப் பயின்றோரே நட்டுவாங்கத்தையும் நடத்தத் தொடங்கினர். ஆடலை நட்டுவனாரிடம் கற்ற உலகம், நட்டுவனார் குடும்பம் இன்றியே இயங்க முடியும் என்பதை அன்று கண்டுகொண்டது.

மூன்றாவது ஊதியம். இதில் ஆடவர் நிலையும் மகளிர் நிலையும் வேறுபட்டன. வழுவூர் இராமையா பிள்ளை, தண்டாயுதபாணி பிள்ளை, தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளை போன்ற ஆசான்மார் ஒரு தலைமுறைக் காலம் புகழோடு கற்பித்தனர். பெரிய மேளத்தார் நாதசுரத்தையும் தவிலையும் விடாது காத்தனர். மகளிர்க்கோ மேடையும் இல்லை; மாணாக்கரும் மிகச் சிலரே. மயிலாப்பூர்க் கௌரி அம்மாள் போன்ற விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே கற்பிக்கும் வாய்ப்புப் பெற்றனர். அம்மக்கள் பலர் தம் பெண்மக்களைச் சதங்கை கட்டவே விடவில்லை. வசை மீண்டும் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சினர். பிறர் மகள் ஆடினால் பெருமை. தம் மகள் ஆடினால் சிறுமை! இதைவிடக் கொடிய முரண் வேறு யாது? மேடை பொதுவாயிற்று என்று நாம் மகிழ்ந்த அதே நாளில், அதன் பழைய உரிமையாளர்க்கு மட்டும் அது அடைபட்டுக் கிடந்தது.

மூன்று பெண்மணிகள்

அடைபட்ட கதவைத் தம் ஆற்றலால் தள்ளித் திறந்தவர் தஞ்சை பாலசரசுவதி (1918-1984). வீணை தனம்மாளின் பேர்த்தி, ஜெயம்மாளின் மகள், தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்பப் பிள்ளையின் மாணவி. 1925இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். சிருங்காரத்தை விலக்குவோர் ஆடலின் உயிரை விலக்குகின்றனர் என்று அஞ்சாது கூறி, அதனை ஆடியும் நிறுவினார். 1962இல் அமெரிக்க நாட்டில் ஆடிப் புகழ் பெற்றார். இசைவாணர்க்குரிய சங்கீத கலாநிதிப் பட்டத்தை 1973இல் சங்கீத வித்வத் சபை அவருக்கு வழங்கிற்று. 1976இல் சத்யஜித் ரே அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். இவர் ஒருவர் உயர்ந்தமையைக் காட்டி, வாய்ப்பு எல்லார்க்கும் இருந்தது என்று வாதிடுவார் உண்டு. பாறையைப் பிளந்து முளைத்த ஒரு செடியைக் காட்டிப் பாறையை நன்னிலம் என்று கூறலாமா?

அவருக்கும் ருக்மிணி தேவிக்கும் கற்பித்தவர் கௌரி அம்மாள். கபாலீசுவரர் கோயிலைச் சார்ந்து வாழ்ந்த கடைசித் தலைமுறை ஆடல் மகளிருள் ஒருவர். அபிநயத்தில் அவர்க்கு நிகர் அரிது என்று கற்றோர் போற்றினர். அத்தகையவரின் முதுமை வறுமையில் கழிந்தது; 1971இல் மறைந்தார். இருபெரும் கலைஞரை உருவாக்கியவர்க்குக் கலை உலகம் ஓய்வூதியம் ஒன்றை வகுத்துத் தர இயலாமற் போயிற்று.

மூன்றாமவர் விராலிமலை முத்துக்கண்ணம்மாள். புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலை முருகன் கோயிலில் சிறுமியாக இருந்தபோதே பொட்டுக்கட்டப்பட்டவர். அங்கு ஆடிய 32 மகளிருள் ஒருவர். சட்டம் வந்தபின் பல பத்தாண்டுகள் கேட்பாரற்று வாழ்ந்தார். 2022இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. விருது வந்ததில் மகிழ்ச்சியே. ஆனால், அதே உதவி அவர் முப்பது வயதில் வந்திருந்தால், விராலிமலையில் ஓர் ஆடற்பள்ளி எழுந்திருக்குமன்றோ? உடன் ஆடிய மற்றையோரின் பாட்டும் அடவும் அவர்களோடு மண்ணில் மறைந்திராவன்றோ? வெள்ளம் வடிந்தபின் அணை கட்டுவது போன்றது காலங்கடந்த விருது.

தடையும் விடையும்

இங்கே ஒரு தடை எழும். "கலை எல்லார்க்கும் பொது. இன்ன குலத்தில் பிறந்தார்க்கே இன்ன கலை உரியது என்றால், அது சாதியை வேறு வழியில் நிலைநாட்டுவது ஆகாதா? தகுதியுடையார் யாராயினும் ஆடட்டும்; பிறப்பைப் பார்ப்பானேன்?" என்பர்.

இவ்வினா வலியது, ஒதுக்கத்தக்கதன்று. விடையைப் பெரிய கோயிற் கல்லே தருகிறது. பங்கு பெற்றவர் இறந்தால், அவர்க்கு மிக நெருங்கிய உறவினர் அப்பணியைச் செய்து அந்நெல்லைப் பெறவேண்டும். அவ்வுறவினர்க்குத் தகுதி இல்லையேல், தகுதியுடைய பிறரைக் கொண்டு அப்பணியைச் செய்வித்தல் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்விதியில் பிறப்புக்கும் தகுதிக்கும் இடையே ஒரு நடுநிலை காணப்பட்டுள்ளது. மரபில் வந்தவர்க்கு முதல் வாய்ப்பு. தகுதியே முடிவான நடுவர்.

நாம் வேண்டுவதும் பிறர் ஆடலாகாது என்பதன்று. பொது என்று அறிவிக்கப்பட்ட மேடை, அதனைக் கட்டியவர்க்கும் பொதுவாய் இருத்தல் வேண்டும் என்பதே. தகுதி என்னும் சொல்லையும் ஆராய்தல் நன்று. ஆடை அணிகலனுக்கும் பக்கவாத்தியத்திற்கும் அரங்க வாடகைக்கும் பெருந்தொகை செலவிட இயல்வோரே மேடை காண்பர் என்றால், அங்கே அளக்கப்படுவது காலின் தகுதியா, பணப்பையின் தகுதியா? பிறப்பைக் காட்டி அடைத்த கதவைப் பொருளைக் காட்டி அடைப்பது சமநீதி ஆகாது. இக்குடும்பங்களில் பிறந்த சிலர் இன்று மீண்டும் சதங்கை கட்டி, தம் பாட்டிமாரின் ஆடல் யாருடையது என்று வெளிப்படையாகக் கேட்கின்றனர். அக்கேள்வியைச் சினமின்றிக் கேட்கும் பக்குவம் கலை உலகிற்கு வேண்டும்.

செய்யத்தக்கன

ஆதரவு என்பது இரக்கமன்று, கடன் தீர்த்தல். அதற்கு நான்கு வழிகள் உண்டு. முதலாவது, உதவி இளமையில் சேர்தல் வேண்டும். மரபுக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆடலோ நட்டுவாங்கமோ நாதசுரமோ கற்கும் ஆண்டுகளில் உதவித்தொகை கிடைத்தால், எண்பது வயதில் விருதுக்குக் காத்திருக்க நேராது. இரண்டாவது, பட்டம் பெறாவிடினும் பயிற்சி முதிர்ந்தவரைக் கல்லூரிகள் ஆசானாக ஏற்றல் வேண்டும். கௌரி அம்மாளிடம் எந்தப் பட்டச் சான்றிதழ் இருந்தது? மூன்றாவது, ஆடுவோரைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் பரிசளிக்கும் குழுவிலும் அம்மரபினர்க்கு இடம் வேண்டும். எந்நாளும் தீர்ப்புக்கு உட்படுபவராகவே இருப்பவர் ஒருநாளும் சமமானவர் ஆகார். நான்காவது, எஞ்சியிருக்கும் முதியோரின் பாட்டையும் அபிநயத்தையும் உரிய ஊதியம் தந்து, அவர் பெயராலேயே பதிவு செய்தல் வேண்டும்.

திறனாய்வாளர்க்கும் இதில் பங்குண்டு. ஆடியவரின் கண்ணழகையும் ஆடையழகையும் வியந்து எழுதும் மதிப்புரை பல. அவ்வருணம் யார் இயற்றியது, யார் வழியாக வந்தது, தாளம் பிடித்தவர் யார், முழவு கொட்டியவர் யார் என்று எழுதுவன சில. இளங்கோவடிகள் காட்டிய ஒழுங்கை மதிப்புரையாளர் கைக்கொண்டால், பாதி அநீதி எழுத்திலேயே தீரும்.

நம் நாடுகளிலும் இக்கடன் இருக்கிறது. சிங்கப்பூரில் இந்திய நுண்கலைக் கழகம் 1949இலும், பாஸ்கர் கலைக்கழகம் 1952இலும் தோன்றின. கோலாலம்பூரில் நுண்கலை ஆலயம் 1981இல் தோன்றியது. இவற்றின் தொண்டால் தஞ்சை நால்வரின் ஆடல்முறை நம் பிள்ளைகளின் காலிலும் கையிலும் வாழ்கிறது. ஆனால் அரங்கேற்ற மேடையில் நிற்கும் பிள்ளையிடம், "இந்த வருணத்தை இயற்றியவர் யார்?" என்று கேட்டால் எத்தனை பேர் விடை கூறுவர்? நம் கோயில்களில் ஒப்பந்தத்தின்பேரில் தமிழகத்திலிருந்து வந்து விடியலிலும் இரவிலும் நாதசுரமும் தவிலும் வாசிப்போரின் பெயர் நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்? கும்பாபிடேக மலரில் நன்கொடையாளர் படம் பக்கம் பக்கமாக இருக்கிறது. வாசித்தவரின் பெயருக்கு ஒரு வரியேனும் ஒதுக்குவது அரிதா?

தமிழாசிரியர் இதனைத் தொடங்கி வைக்கலாம். அரங்கேற்று காதையைக் கற்பிக்கும் நாளில், மாதவியின் ஆசானுக்குக் காப்பியம் பெயர் சொல்லவில்லை என்பதை மாணவர்க்குச் சுட்டுக. பின், கரும்பலகையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு, மீனாட்சிசுந்தரம் பிள்ளை, கௌரி அம்மாள், பாலசரசுவதி, முத்துக்கண்ணம்மாள் என்று எழுதுக. ஆடல் பயிலும் மாணவி அவ்வகுப்பில் இருப்பின், தன் ஆசிரியையிடம் சென்று அவர்க்குக் கற்பித்தவர் யார், அவர்க்கும் முன்னவர் யார் என்று கேட்டு வரச் சொல்லுக. அவ்வினா வீட்டுக்குச் செல்லும்; அங்கிருந்து ஆடற்பள்ளிக்குச் செல்லும்; அரங்கேற்ற அழைப்பிதழிலும் ஒருநாள் விடையாக அச்சேறும். மதிப்பும் ஊதியமும் வந்து சேர்வதற்கு முதற்படி பெயர். பெயர் அறியாதவருக்கு எவரும் கடன்பட்டதாக உணர்வதில்லை.